போகியில் கழித்தது

இந்திரா வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து எடுத்து வந்தாள். பழைய பனியன் துணியில் சுற்றியிருந்தது. டவுனில் ஒரு கடையில் முதலில் காட்டினாளாம். கடைக்காரன் அதை மேசையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, கோலாலம்பூருக்கு அனுப்பவேண்டும், ஒரு மாதமாகும் என்றானாம். ஒரு மாதம் அவளிடம் இல்லை. பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

2009 ஜூன் முதல் வாரம், பள்ளி விடுமுறை. நான் ஆயர் குரோவில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். காஜா பெராங்கில் அவர்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தேன். இரண்டு பேருக்கென்று எடுத்த வீடு. மனைவி போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

இந்திராவுக்குப் பதினெட்டு வயது. ஐசி என்கிற அடையாள அட்டை கிடையாது. பொன்னம்மாவும் அவர் கணவர் அப்பாசாமியும் அவளை எட்டு நாள் குழந்தையாக எடுத்து வளர்த்தார்கள். அது அவளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். எஸ்டேட் லயத்தில் பிறந்த பிள்ளை, பிறந்த சூராட், அந்தப் பிறப்புப் பத்திரம், எடுக்காமலே கைமாறிவிட்டது. தலைமையாசிரியர் கடிதம் கொடுத்துத் தேர்வு எழுதவைத்தார். நல்ல மதிப்பெண் வந்தது. ஐசி இல்லாமல் எந்தக் கல்லூரியும் சேர்க்காது. பதிவு அலுவலகத்திலிருந்து கடைசியாக ஒரு கடிதம் வந்திருந்தது. பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை நேரில் வரவேண்டும். பெற்ற தாய் இன்னார் என்று காட்டும் ஓர் ஆவணமாவது வேண்டும். இல்லையென்றால் கோப்பு மூடப்படும்.

"அப்பா சாகறதுக்கு முந்தி சொன்னாரு சார். ஒன் தாளெல்லாம் கம்ப்யூட்டர்ல ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன், பயப்படாதன்னு. இப்ப கம்ப்யூட்டரே தொறக்க மாட்டேங்குது" என்றாள்.

அப்பாசாமி நகராண்மையில் கிளார்க். போன அக்டோபரில் மாரடைப்பில் இறந்தார். எந்தத் தாளையும் இரண்டு பிரதி எடுக்கும் மனிதர் என்று சொல்வார்கள்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கிரில் கதவைத் திறந்தவன் ஜெயபாலன். பொன்னம்மா பெற்ற ஒரே பிள்ளை, இருபத்தெட்டு வயது, பத்து பெரெண்டாமில் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. டிஸ்க் வீட்டைவிட்டு எப்படி வெளியே போனது என்று தங்கையைக் கேட்டான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"எவ்வளவு சார் கேப்பீங்க?"

"ஒன்னும் வேணாம்."

"சாப்ட்வேருக்கு?"

"அதுவும் ஓசிதான். யாரு வேணும்னாலும் இறக்கிக்கலாம். அதை எழுதுன முறையையும் கூடவே போட்டிருக்காங்க. தெரிஞ்சவங்க பிரிச்சுப் பாத்துத் திருத்தலாம்."

அவன் சற்று யோசித்தான். "ஓசியா கொடுக்கறவன் எதுலயாவது கை வைப்பான்லா. வீட்டுப் படமெல்லாம் அவனுக்குப் போயிரும்."

"போகாது. இன்டர்நெட்டே போடப்போறதில்ல."

"எழுதுன முறைய நீங்க பிரிச்சுப் பாத்தீங்களா?"

"முழுசா பாக்கல."

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க?"

சரியான கேள்விதான். பல வருடமாக ஆயிரக்கணக்கானவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்றேன். ஆயிரம் பேர் ஏமாந்தால் அது ஏமாற்று இல்லையா என்று கேட்டான். முடிவில் பொன்னம்மாதான் உள்ளே வரச்சொன்னார். வேலை அவர்கள் வீட்டு ஹாலில், அப்பாசாமியின் கம்ப்யூட்டரில்தான் நடக்கவேண்டும், எதுவும் வெளியே போகக்கூடாது என்பது ஜெயபாலனின் நிபந்தனை. ஒப்புக்கொண்டேன்.

பொன்னம்மா ஒரு பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துபவர். விடுமுறையில் கேன்டீன் கிடையாது. ஆனாலும் பதினைந்தாம் தேதி பள்ளி திறக்கும்போது தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக்குக்குச் சம்பல் வேண்டும், அதற்கு நெத்திலி வேண்டும். மூன்று பெரிய பை நிறைய இக்கான் பிலிஸ் வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து கறுப்பை எடுத்து, உடலை ஒரு பேசினிலும் தலையை ஒரு நாளிதழிலும் போடவேண்டும். ஹாலின் தரையில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வீடு முழுக்க உப்பு நாற்றம்.

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். மாலை ஆறு மணி. எந்த நேரத்திலும் அவர் அப்படித்தான் கேட்பார்.

பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதக்கூடாது. முதலில் அதை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கவேண்டும், பிறகு பிரதியில்தான் வேலை. கல்லூரியிலிருந்து ஒரு காலி டிஸ்க் கொண்டுவந்தேன். லினக்ஸ் சிடியைப் போட்டு ஏற்றி, பிரதி எடுக்கும் கருவியை ஓடவிட்டேன். அது நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு போகும். கெட்ட இடங்களைக் குறித்து வைத்துவிட்டுப் பிறகு திரும்பிவந்து மெல்ல மெல்லச் சுரண்டும். திரையில் எண்கள் ஓடுவதைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. ஜெயபாலன் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் அந்த எண்களைப் பார்த்தான்.

மறுநாள் காலை சுமத்ரா காற்று அடித்து மழை சாய்ந்தது. கரண்ட் போய்விட்டது. நான் போனபோது திரை இருட்டாக இருந்தது. இந்திரா வாசலிலேயே நின்றாள், முகம் வெளுத்து. இரவு யாரோ சுவிட்சை அணைத்திருப்பார்கள் என்று அண்ணனைப் பார்த்தபடி சொன்னாள். மின்பெட்டியைத் திறந்து காட்டினேன், டிரிப் ஆகியிருந்தது. கருவி தன் குறிப்பைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இந்திராவின் பார்வை மட்டும் அண்ணனிடமிருந்து நகரவில்லை.

மூன்றாம் நாள் ஜெயபாலன் மோட்டோவை என் வாசலில் நிறுத்தினான். எதிர்வீட்டுச் சாரதாம்பாள் ஏதோ கேட்டாராம்.

"பொண்டாட்டி இல்லாத ஆளு தெனம் எதுக்கு வர்றாருன்னு பேசுறாங்க சார். தங்கச்சி இருக்கற வீடு. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் எதையும் எப்படியும் எடுத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. விடுமுறைக்கு இந்திரா டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். அவள் இல்லாத மத்தியானங்களில் மட்டும் வருகிறேன், கதவு திறந்தே இருக்கட்டும் என்றேன்.

பிரதி முடிய மூன்று நாள் ஆனது. நூறில் தொண்ணூற்றேழு பங்கு வந்தது. டிஸ்க்கின் தொடக்கத்தில், எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை சிதைந்திருந்தது. இன்னொரு கருவி டிஸ்க் முழுவதும் தேடிப் பழைய எல்லைகளைக் கண்டுபிடித்து அட்டவணையைத் திருப்பி எழுதியது. உடனே கோப்புறைகள் தெரிந்தன. அப்பாசாமியின் ஒழுங்கு தெரிந்தது: வீட்டு வரி, தண்ணீர், ஜெயபாலன் பள்ளி, கோயில் கமிட்டி. இந்திரா என்று ஒன்று இல்லை.

அழிக்கப்பட்டவற்றின் பட்டியலைக் கேட்டேன். அதில் இருந்தது. உள்ளே பதினொரு பெயர்கள். பெயர்கள் மட்டும்தான், திறந்தால் வெறுமை. அவை எந்த நாளில், எந்த நேரத்தில் குப்பைக்குப் போயின என்று விண்டோஸ் ஒரு குறிப்பு வைத்திருக்கும். அதையும் எடுத்தேன். 2009 ஜனவரி 13, காலை 10.42.

டிஸ்க் பழுதானது மே மாதம். அதற்கு நான்கு மாதம் முன்பே யாரோ வேண்டுமென்றே அந்த ஒரு கோப்புறையை மட்டும் அழித்திருக்கிறார்கள்.

அன்று புதன்கிழமை. மாலை எல்லாரும் இருக்கும்போது வரச்சொல்லி இந்திராவே கேட்டிருந்தாள். திரையைக் காட்டிச் சொன்னேன். பொன்னம்மா நெத்திலி கிள்ளுவதை நிறுத்தவில்லை. அவருக்குக் கம்ப்யூட்டரைத் தொடத் தெரியாது. இந்திரா தொடக்கூடாது என்பது அப்பாசாமி இருந்த காலத்திலிருந்தே இருந்த சட்டம். மிஞ்சியது ஒரு ஆள்.

"நீதானே" என்றாள் இந்திரா அண்ணனிடம்.

ஜெயபாலன் முதலில் ஞாபகமில்லை என்றான். பிறகு தேதியைப் பார்த்தான். "பதிமூணு ஜனவரி போகி. வீட்டக் கழிச்சோம். கம்ப்யூட்டர்லயும் பழசெல்லாம் கழிச்சேன். அதோட சேர்ந்து போயிருக்கும்லா."

நம்பும்படியாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த வீடுகளில் போகிக்குப் பழைய பாய், பழைய பேப்பர் எல்லாம் வெளியே போகும். கம்ப்யூட்டரையும் கழிப்பது இந்தக் காலத்துப் பழக்கமாக இருக்கலாம்.

இந்திரா நிதானமாகப் பேசினாள். "அப்பா செத்து மூணு மாசம். இந்த வருசம் நமக்குப் பொங்கலே கெடையாது. தோரணம் கட்டல, பால் பொங்கல, வீடு கூட்டக்கூட இல்ல. பக்கத்துச் செட்டி வீட்டுல மூத்தவங்களுக்குப் படைச்சுட்டு, சாவு வீடுன்னு நமக்கு இலையில கட்டிச் சோறு கொண்டாந்தாங்க. அத தின்னுட்டுத்தானே படுத்தோம். எந்தப் போகிக்கு நீ கழிச்ச?"

ஜெயபாலன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"எனக்கு ஐசி வந்தா வீட்டுல பங்கு கேப்பேன்னு நெனச்சியா?"

"அப்படியே வச்சுக்க" என்றான். மோட்டோ சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அவன்தான் என்று நானும் முடிவு செய்தேன். ஓசி சாப்ட்வேரைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டது, பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் பார்த்தது, என்னை வரவேண்டாம் என்று சொல்லவந்தது, எல்லாம் சேர்ந்து கணக்கு சரியாக வந்தது.

இன்னும் ஒரு வழி இருந்தது. பெயர், இடம், தேதி எதையும் நம்பாமல் டிஸ்க்கின் ஒவ்வொரு துண்டையும் படித்து, படம் போலத் தொடங்குவதை எல்லாம் படமாகவே வெளியே எடுக்கும் கருவி ஒன்று உண்டு. அதற்குப் பாகுபாடு தெரியாது. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்து யார் எப்போது அழித்த படமும் வரும். பெயருக்குப் பதில் ஒரு எண்தான் இருக்கும். முப்பத்தோராயிரத்துச் சொச்சம் வந்தது. சின்னஞ்சிறு படங்களை ஒதுக்கியபின் நாலாயிரத்து இருநூறு மிச்சம். எது இந்திராவின் தாள் என்று அடையாளம் தெரிந்த ஒரே ஆள் பொன்னம்மா.

வியாழன், வெள்ளி, சனி. மத்தியானம் இரண்டு மணிக்குப் போவேன். வெயில் கூரையில் காயும். நான் ஒவ்வொன்றாகத் தள்ள, அவர் தரையில் இருந்தபடி பார்த்து, "இல்ல" என்பார். கையில் நெத்திலி ஒடியும். கோயில் தேர். இல்ல. யாரோ கல்யாணம். இல்ல. ஜெயபாலன் ஒரு பெண்ணோடு உஜோங் பாசிர் கடற்கரையில். பொன்னம்மா ஒரு கணம் பார்த்தார். "செட்டி வீட்டுப் பொண்ணு போலருக்கு. தமிழ் வராதே" என்றார். செட்டிகள் மலாயே வீட்டுமொழியாகிப்போன பழைய தமிழ் வம்சத்தார். பிறகு, "இல்ல, தள்ளுங்க." சிங்கப்பூர் வேலைக்கு அவன் போட்ட விண்ணப்பம் ஒன்று ஸ்கேனாக வந்தது. அதையும் பார்த்தார். குழந்தை இந்திராவின் படங்கள் வந்தன, தொட்டிலில், தரையில், அப்பாசாமியின் தோளில். எதிலும் பெற்றவள் இல்லை.

"ஒங்க சம்சாரத்துப் படமெல்லாம் இருக்கா தம்பி?" என்று ஒருமுறை கேட்டார்.

"இருக்கு. பாக்கறதில்ல."

சனிக்கிழமை நாலு மணி இருக்கும். கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதிய கடிதம் ஒன்று திரையில் வந்தது. "இல்ல" என்றார் பொன்னம்மா, மற்றவற்றுக்குச் சொன்ன அதே குரலில். நான் தள்ளிவிட்டேன். தள்ளிய பிறகு அவர் கையைப் பார்த்தேன். நெத்திலியின் தலையைப் பேசினில் போட்டார். உடலை நாளிதழில் போட்டார். அடுத்ததையும் அப்படியே போட்டார்.

திரும்பிப் போய்ப் படித்தேன்.

பொன்னம்மா அக்காவுக்கு பாக்கியலட்சுமி எழுதிக்கொள்வது என்று தொடங்கியது. யாரோ வாத்தியாரைக் கொண்டு எழுதவைத்தது போல எழுத்து உருண்டையாக இருந்தது. பிள்ளையைக் கொடுத்து நாலு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு வழி இல்லை. இப்போது எஸ்டேட்டில் நிரந்தர வேலை, லயத்தில் வீடு கிடைத்திருக்கிறது. என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அக்கா. பஸ் ஏறி உங்கள் வாசலில் வந்து நிற்கத் தைரியம் இல்லை. நீங்கள் வரச்சொன்னால் வருகிறேன். கீழே பிள்ளை பிறந்த தேதி, லயத்தின் எண், தாயின் ஐசி எண், ஒரு கைநாட்டு. தேதி 1995.

அலுவலகம் கேட்ட ஆவணம் இதுதான்.

பொன்னம்மா கையை முந்தானையில் துடைத்தார். பிறகு நெத்திலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடிதம் வந்த அன்று அப்பாசாமி பதில் போடவேண்டும் என்றார். பொன்னம்மா தாளைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டார். எப்போது அப்பாசாமி அதை எடுத்து ஸ்கேன் செய்தார் என்று தெரியாது. அவர் இறந்தபின், ஏதோ படம் தேடும்போது ஜெயபாலன் கண்ணில் பட்டு, கூப்பிட்டுக் காட்டினான். அந்த நாள்தான் ஜனவரி பதிமூன்று.

"அழிச்சிருன்னு நான்தான் சொன்னேன். அம்மா வேணாம்மா, ஐசிக்கு ஒதவும்னான். எந்தலையில அடிச்சுக்கிட்டேன். தாள அடுப்புல போட்டேன். அவன் எனக்காகத் திட்டு வாங்கறான்."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"அவ இதப் படிச்சா போயிருவா தம்பி."

வெளியே ஒரு மோட்டோ போனது. அவர் எழுந்து கதவு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"டிஸ்க் கெட்டுப்போச்சு, வரலன்னு சொல்லிருங்களேன். ஒங்கள யாரு கேக்கப்போறா."

"சொல்லலாம். வியாழக்கிழம கோப்ப மூடிருவாங்க."

அவர் உட்கார்ந்தார். பேசினிலிருந்து தலைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒன்று விடாமல் பொறுக்கினார். நான் கடிதத்தை ஒரு தம்ப் டிரைவில் ஏற்றி அவர் முன்னால் வைத்தேன். நானாக இந்திராவிடம் சொல்லமாட்டேன், அவள் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன் என்றேன். டிஸ்க்கையும் பிரதியையும் பிஸ்கட் டின்னிலேயே வைத்து மூடினேன். என்னிடம் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை இந்திரா துணிக்கடை யூனிபார்மோடு என் கிரில்லுக்கு வெளியே நின்றாள்.

"கெடைச்சுதா சார்?"

"அம்மாட்ட கேளு."

"அம்மா ஒன்னும் சொல்ல மாட்டேங்குறாங்க. அண்ணன் மறுபடியும் ஏதாவது செஞ்சுட்டானா?"

"அண்ணன் ஒன்னும் செய்யல. அம்மாட்ட கேளு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதிர்வீட்டுச் சாரதாம்பாள் என்னைப் பார்ப்பது போலவே பார்த்தாள். போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை பொன்னம்மா என் வாசலுக்கு வந்து, காடி எடுக்க முடியுமா என்று கேட்டார். கையில் ஒரு பழுப்பு உறை. ஒட்டியிருந்தது. இந்திரா காரில் பின்னால் ஏறினாள். ஜெயபாலன் லீவு போட்டுவிட்டு மோட்டோவில் பின்னாலேயே வந்தான்.

பதிவு அலுவலகத்தில் எங்கள் எண் வரப் பதினொன்றரை ஆனது. அதிகாரி நடுத்தர வயது மலாய்ப் பெண். பொறுமையாக எல்லாத் தாளையும் பார்த்தார். பெற்ற தாயைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டார். பொன்னம்மா உறையைக் கிழித்து, கடிதத்தின் அச்சுப்பிரதியைக் கொடுத்தார். தமிழில் இருக்கிறதே, என்ன எழுதியிருக்கிறது என்று அதிகாரி மலாயில் கேட்டார். இந்திரா கை நீட்டினாள். அவள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்.

"நான் சொல்றேன்" என்றார் பொன்னம்மா.

தாள் அதிகாரியின் கையில் இருந்தது. பொன்னம்மா அதைப் பார்க்கவில்லை. கடைத்தெருப் பேச்சான பாசார் மலாயில், வரி வரியாக, ஒன்று விடாமல் சொன்னார். நாலு வருடம். நிரந்தர வேலை. லயத்தில் வீடு. பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள். வாசலில் வந்து நிற்கத் தைரியம் இல்லை. சொன்னால் வருகிறேன். சொல்லும்போது அவர் அதிகாரியின் முகத்தை மட்டுமே பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இந்திரா அசையவில்லை. ஜெயபாலன் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்தான்.

அதிகாரி கேட்டார், பிறகு என்ன நடந்தது என்று.

"சாயா தா பாகி" என்றார். நான் கொடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, பதிலும் போடவில்லை என்று சேர்த்தார்.

அதிகாரி கடிதத்தின் கடைசி வரிகளைப் பார்த்தார். ஐசி எண்ணைத் தட்டினார். எண் சரியாக இருந்தது. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறார், முகவரி மாறவில்லை, அதே எஸ்டேட். கோப்பு மூடப்படாது. ஆனால் ஒரு பாரத்தில் பெற்ற தாய் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவேண்டும். முப்பது நாளுக்குள் கொண்டுவாருங்கள் என்று பாரத்தை இந்திராவிடம் கொடுத்தார்.

வெளியே வெயிலில் கண் கூசியது. இந்திரா பாரத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜெயபாலனிடம் போனாள்.

"ஏன் சொல்லல?"

"அம்மாவப் போட்டுக் குடுக்கச் சொல்றியா?"

அவள் தலையாட்டினாள். அது மன்னிப்பா, இல்லையா, தெரியவில்லை. காடிக்குப் போய்ப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். நான் என்ஜினைப் போட்டேன். பொன்னம்மா ஏறவில்லை. கதவிலிருந்து நாலடி தள்ளி, கிழிந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பையன்கூட மோட்டோவில் வந்துவிடுகிறேன், நீங்கள் போங்கள் என்று என்னிடம் சொன்னார்.

இந்திரா கண்ணாடியை இறக்கினாள்.

"ஏறுங்கம்மா. அந்த எஸ்டேட்டுக்கு எப்படிப் போறதுன்னு ஒங்களுக்குத்தானே தெரியும்."

பொன்னம்மா மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவள் எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று எங்கள் முகங்களில் தேடினார். எங்களுக்கும் தெரியவில்லை. பிறகு முன் கதவைத் திறந்து உட்கார்ந்து, முந்தானையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஜாசின் ரோட்டப் புடிங்க தம்பி" என்றார்.